ஒன்பது அங்குலம்

பஸ் ஏறி வந்தது அது.
கொடைக்கானலிலிருந்து பெர்னதெத் மடியில்,
ஈரத் தினத்தாள் சுற்றி,
வத்தலக்குண்டில் ஒருதரம், கோவில்பட்டியில் ஒருதரம்
தண்ணீர் தெளித்து.
“கொடி ரோஜாவாம்க்கா. ஏறிக்கிட்டே போகுமாம்.”

எங்கே ஏற?
என் தோட்டம் ஐந்தடிக்குப் பன்னிரண்டு.
அதிலும் கிழக்குச் சுவரை ஒட்டி ஒன்பது அங்குலம்
என்னுடையதா, கோமதிநாயகத்தினுடையதா என்று
முன்சீப் கோர்ட்டில் ஏழு வருஷம்.
எங்கள் தெரு இருப்பது சமாதானபுரத்தில்.
யாரும் சிரிக்க வேண்டாம்.

கடப்பாறை போட்டால் ணங்கென்றது. சுக்கான்.
இரண்டடி தோண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை,
நாலு கொப்புளம், ஒரு கெட்ட வார்த்தை.
மேலப்பாளையத்து ஆட்டு எரு.
அரிசி கழுவிய தண்ணீர்.
ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம்.
வராத நாளில்
நானும் அதுவும் முகம் பார்த்துக்கொள்வதில்லை.

முதல் வருஷம் சும்மா நின்றது.
உள்ளே என்ன நடக்கிறதென்று
ரத்தம் எடுத்துப் பார்க்க முடியாது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
எனக்கு வேலையே அதுதான்.

மறு ஆனியில் செங்கோட்டைக் கணவாய் திறந்தது.
குற்றாலத்துக்குச் சாரல், எங்களுக்குப் புழுதி.
அந்தக் காற்றைக் குடித்து
ஒரே மாசத்தில் எட்டடி.
முள்ளெல்லாம் பின்னால் வளைந்து, பூனை நகம்.
பிடித்து ஏறத்தானாம். என் சேலைகளுக்கு அது தெரியாது.
துணி காயும் கயிற்றைப் பிடித்தது.
மீட்டர் பார்க்க வந்த பையனின் சட்டையைப் பிடித்தது.
“இதுக்கு ஒரு நாயே வளத்திருக்கலாம்லா” என்றான்.
கடைசியில் சுவரைப் பிடித்து
இரண்டு கொப்பு மட்டும்
அந்தப் பக்கம் தலையைத் தொங்கப் போட்டது.

கார்த்திகையில் வெட்டினேன்.
சாதா ரோஜாவுக்கு வெட்டுகிற மாதிரி
முழங்கால் உயரத்துக்கு, கை வீசி.
அந்த இரண்டை மட்டும் தொடவில்லை.
சுவரில் யாரும் எதையும் மாற்றக் கூடாது,
இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று உத்தரவு.
கத்திரிக்கோலும் அதில் சேருமா என்று
வக்கீலிடம் கேட்டேன்.
முந்நூறு வாங்கிக்கொண்டு, சேரும் என்றார்.

மாசியில் என் பக்கம் இலை.
இலை, இலை,
பச்சைப் பாம்பாய்ப் புதுக் கொப்புகள்.
மொட்டு என்று ஒன்று இல்லை.
பழைய கொப்பில்தான் பூக்கும் இந்த ஜாதி என்று
பெர்னதெத் விசாரித்துச் சொன்னாள்,
ஒரு வருஷம் தாமதமாக.

தொட்டியில் தண்ணீர் ஏறிற்றா என்று பார்க்க
மொட்டைமாடிக்குப் போனவள் எட்டிப் பார்த்தேன்.
அவர் சுவர் முழுக்க வெள்ளை.
நடுவில் லேசாகச் சிவப்பு,
கொசு கடித்த குழந்தைத் தோல் மாதிரி.
தேனீ இரைச்சல் என் மாடி வரைக்கும்.
வெறும் இரண்டு கொப்பு!
நிமிர விடாமல்
படுக்கை வசமாக வளைத்துக் கட்டியிருக்கிறார்.
நுனியில் மட்டும் பூக்க வேண்டியது
கணுவுக்குக் கணு கொத்து.
பழைய வேட்டிக்கரையைக் கிழித்து முடிச்சு,
ஆணி, முடிச்சு, ஆணி,
நூல் பிடித்தாற்போல் ஒரே மட்டம்.
சர்வே ஆபீசில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்த கை.
முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு என்று
இங்கிருந்தே கண்ணால் அளந்தேன்.
அந்த அளவு எனக்கு நன்றாகத் தெரியும்.

இருபத்து மூன்று ஆணி.
ஒவ்வொன்றும் கோர்ட் உத்தரவை மீறி அடித்தது.
எண்ணி முடிக்கையில் அவர் அண்ணாந்தார்.

“தண்ணி நீங்கதான ஊத்துதிய?”
“ஆமா.”
“அடியில கரையான் புடிக்கும். பாத்துக்கிடுங்க.”
அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.
மறுநாள் சுவர் உச்சியில்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயாமல்
ஒரு பொட்டலம் வேப்பம்புண்ணாக்கு.

வருகிற செவ்வாய்க்கிழமை கமிஷனர் அளக்க வருகிறார்.
டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும்,
மறு முனையை அவர்.
இடையில் முள்.
எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.